வீட்டு நாற்றமும் அதனை நீக்கும் முறைகளும்

மழைக்காலத்தில் நான்கு நாட்கள் சன்னல்களைச் சாத்தி வைத்திருந்த வீட்டினுள் நுழைபவரை முதலில் எதிர்கொள்வது அவ்வீட்டின் வாடையேயாகும். உலராத துணி, மீன் கழுவிய தொட்டி, சிந்திப் புளித்த பால், குழந்தையின் படுக்கை ஆகிய யாவும் அதற்குக் காரணமாகின்றன. வீட்டில் உள்ளோர் இதனை அறிவதில்லை. ஒரே மணத்தைத் தொடர்ந்து நுகரும் மூக்கு சிறிது நேரத்தில் அதனை உணராது போய்விடுகிறது. விருந்தினர் வரும் செய்தி கேட்டு ஊதுவத்தி கொளுத்தப்படுகிறது. அதனால் நாற்றம் நீங்குவதில்லை. அதன்மேல் வேறொரு மணம் போர்த்தப்படுகிறது, அவ்வளவே. (நாற்றம் என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.)

நாற்றம் என்பது ஒரு பொருளினின்று ஆவியாகி மூக்கை அடையும் மூலக்கூறுகளே. ஆகவே அப்பொருள் அமிலமா, காரமா என்று அறிந்தால் மாற்றும் எளிதில் கிட்டும். கடல்மீன் இறந்தபின் நுண்ணுயிர்களின் செயலால் அதன் தசையில் டிரைமெதிலமீன் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. மீன் நாற்றத்திற்கு முதன்மையான காரணம் இதுவே. எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ பட்டதும் இது உப்பாக மாறி, ஆவியாகும் இயல்பை இழக்கிறது. மீனைப் புளிநீரில் அலசும் இல்லத்தரசி செய்வது பிழையற்ற இரசாயனமே. சிறுநீர் பட்ட இடத்தில் எழும் அம்மோனியாவுக்கும், நீர் கலந்த வினிகரால் துடைப்பது இதே முறையில் பயன்படும். கெட்ட பாலின் நாற்றமோ பியூட்டிரிக் முதலிய அமிலங்களால் ஆவது. ஆங்கு எலுமிச்சை உதவாது, சமையல் சோடாவே உதவும். சோடாவை ஓர் அகன்ற கிண்ணத்தில் பரப்பி அலமாரியினுள் வைக்கலாம்.

வகுப்பறையில் இதனைக் காட்டுவது எளிது. ஒரு மாணவர் இரு கைவிரல்களையும் மீனில் தேய்த்து, ஒரு கையை நீரால் மட்டும் கழுவி, மற்றதை எலுமிச்சைச் சாற்றால் தேய்த்துக் கழுவி முகர்ந்து பார்த்தால் போதும். விளக்கம் பின்னர் வரலாம்.

வினிகரையோ எலுமிச்சையையோ பிளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலத்தலாகாது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

அமிலம், காரம் என்ற பாகுபாட்டில் அடங்காத வாடைகளுக்கு அடுப்புக்கரி ஓரளவு உதவும். அதன் எண்ணற்ற நுண்துளைகளின் பரப்பில் ஆவிகள் படிந்து தங்குகின்றன. ஈரமற்ற கரித்துண்டுகளைத் துணிப்பையிலிட்டுக் காலணி அலமாரியில் தொங்கவிட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்தல் வேண்டும். எனினும் பூஞ்சை வாடைக்குக் கரியும் சோடாவும் தற்காலிகமே. ஈரத்தைப் போக்காதவரை அது மீளும்.

காரணத்தை நீக்கிய பின்னரே நறுமணத்திற்கு இடமுண்டு. வட இந்தியாவில் கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளைச் சன்னலில் கட்டி நீர் தெளிப்பது நெடுங்கால வழக்கம். நீர் ஆவியாகுங்கால் உட்புகும் காற்று குளிர்வதுடன் மணமும் பெறுகிறது. இவ்வேரைச் செப்புக் கலங்களில் வாலைவடித்து அத்தர் எடுக்கும் தொழில் உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் நகரில் நடைபெறுகிறது. இதன் எண்ணெய் மெதுவாக ஆவியாவதால், துணிப்பெட்டியில் இட்ட ஒரு பிடி வேர் நெடுநாள் மணக்கும். அந்துருண்டைக்கு இது நல்ல மாற்று. நாப்தலீனால் ஆன அந்துருண்டையைக் கைக்குழந்தையின் துணிகளுடன் வைத்தல் தீது; ஜி6பிடி என்னும் நொதி குறைந்த குழந்தைகளிடம் அதன் ஆவி சிவப்பணுக்களைச் சிதைத்து, கடும் காமாலையை விளைவிக்கக் கூடும். சாம்பிராணிப் புகையையும் குழந்தை உறங்கும் மூடிய அறையில் இடுதல் நன்றன்று. தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை.

களப்பணியாளர் வீடுதோறும் தவறாது கூறவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் ஏறத்தாழ மணம் இல்லை. கசிவை உணர்த்துவதற்கென்றே எதில் மெர்காப்டன் என்னும் துர்நாற்றப் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. அவ்வாடை வீசும் சமையலறையில் ஊதுவத்தி கொளுத்துவது உயிருக்கே இறுதியாகலாம். மின்விசைகளைப் போடாமலும் அணைக்காமலும், சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, அனைவரும் வெளியேறுதல் வேண்டும். இவ்வாயு காற்றினும் கனமானதாகலின் தரையோரத்தில் தேங்கி நிற்கும். வெளியே வந்தபின் 1906 என்ற தொலைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.