ஏரி இருக்கு, புள்ளி இல்லை

உத்திரமேரூர் பக்கம் பறவை பார்க்க வர்றவங்க பெரும்பாலும் வேடந்தாங்கலுக்குத்தான் போகிறார்கள். அந்தப் பதிவுகளை வைத்து வரைபடம் போட்டால் அங்கே புள்ளிகள் குவியும், சுற்றியுள்ள ஊர் ஏரிகள் காலியாகத் தெரியும். பறவை இல்லாமல் இல்லை, ஆள் போகலை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை இரை தேடுவதே இந்த ஏரிகளிலும் வயல்களிலும்தான்.

கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலத்தைச் சம கட்டங்களாகப் பிரித்து, இடங்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கணக்கெடுத்தார்கள். 361 இனங்கள் பதிவாகின.

நமக்குப் பொங்கல் கணக்கெடுப்பு இருக்கு. 15 நிமிடம் நின்று, காக்கா, மைனா உட்பட பார்த்த எல்லா இனத்தையும் ஈபேர்டில் ஏற்றணும். முழுப் பட்டியல் இருந்தால்தான் ‘தேடினோம், காணலை’ என்றும் சொல்ல முடியும்.

நாளைக்கு ஏரியைத் தூர்த்து மனை போட்டால், இங்கே என்ன இருந்தது என்று காட்ட நம்மிடம் அந்தப் பட்டியலாவது இருக்கணும் என்கிறேன்.