கிளட்சுக்குள் போன கரிசல்

விளாத்திகுளம் பக்கமிருந்து ஒரு வாசகர் போனில் பேசினார். மானாவாரிக் காட்டுக்கு ஆளும் உரமூட்டையும் ஏற்றிப் போக, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். "அண்ணாச்சி, ஒரு வருசத்துல மூணு தடவ கீழ் சிலிண்டருக்குக் கிட் மாத்தியாச்சு. மாத்துன ரெண்டாம் மாசம் பெடல் கீழ உக்காந்துருது, கியர் விழ மாட்டேங்கு. இப்ப வர்ற ரப்பரு எல்லாமே மட்டந்தானா?"

மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் மூன்று கிட்டும் ஒரே கெடுவில் கிழிந்தால், ரப்பரை விட்டுவிட்டு அது உரசுகிற சுவரைப் பார்க்க வேண்டும். "முதல் தடவ எப்ப ஒழுகுச்சு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தவர், "புது கிளட்ச் பிளேட் போட்ட மறு மாசம்" என்றார். எனக்கு அப்போதே பாதி பிடிபட்டது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. அது குழாய் வழியே இறங்கி, கியர்பாக்ஸ் ஓரத்தில் தொங்கும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ளுகிறது. பிஸ்டன் ஃபோர்க்கைத் தள்ள, கிளட்ச் விடுபடுகிறது. இத்தனை வேலைக்கும் நகர்கிற ஆயில் எவ்வளவு தெரியுமா? மாஸ்டரின் துளை 16 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 5 மில்லியில் வந்து நிற்கும். ஒரு டீஸ்பூன்! ஸ்லேவின் துளை 20 மி.மீ. என்றால், அந்த ஒரு டீஸ்பூன் அதன் பிஸ்டனை 16 மி.மீ. நகர்த்தும். அதில் ஒரு மில்லி கசிந்து போனாலோ, அதன் இடத்தில் காற்று புகுந்துகொண்டாலோ, ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் காலி. கியர் கரகரவென்று கத்தும்.

வரலாறு கேட்பவர்களுக்காகச் சுருக்கமாக: அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் நூல், அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. ஜோசப் பிராமா 1795இல் அதை வைத்து நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். காருக்கு அது பிரேக்காக வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1947இல் மகிந்திரா இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் கிளட்சில் ஆயிலே கிடையாது, கேபிளும் நெம்புகோலும்தான்.

இனி என்னை மயக்கிய விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்டர் சிலிண்டரில் ஓர் ஊசித்துளை உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் பின்னால் வந்து அந்தத் துளையைத் திறந்துவிடும். அந்த நொடியில் மேலே இருக்கும் ஆயில் டப்பாவும் கீழே இருக்கும் ஸ்லேவும் ஒரே குளம். வேண்டிய ஆயில் கீழே இறங்கும், மிஞ்சியது மேலே ஏறும். ஸ்லேவ் பிஸ்டன் எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் நட்டு திருகி வைப்பதில்லை. ஒவ்வொரு முறை கால் எடுக்கும்போதும் அது தன் இடத்தைத் தானே தேடிக்கொள்கிறது.

பிளேட் தேயத் தேய, பிரஷர் பிளேட்டின் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கம் சாயும். அவை பேரிங்கைத் தள்ள, பேரிங் ஃபோர்க்கைத் தள்ள, ஸ்லேவ் பிஸ்டன் துளைக்குள் ஆழமாகப் போய் உட்காரும். பிரேக் கட்டை தேய்ந்தால் டப்பாவில் ஆயில் இறங்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் டப்பாவில் ஆயில் ஏறும். பட்டறையில் இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். பிளேட் 2 மி.மீ. தேய்ந்தால், நெம்புகோல் கணக்கில் ஸ்லேவ் பிஸ்டன் சுமார் ஒரு விரல்கனம் உள்ளே போயிருக்கும்.

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தீப்பெட்டியை வைத்துச் சொல்லலாம். காட்டுக் குடிசையில் ஒரு தீப்பெட்டி. பாட்டி எப்போதும் பாதி மட்டும் திறந்து குச்சி எடுப்பாள். வருசக்கணக்கில் அதே பாதி. அவ்வளவு தூரத்துக்கு உறையின் உட்புறம் தேய்ந்து வழவழப்பாகிவிடும். மீதிப் பாதியில் ஈரம் ஏறி அட்டை உப்பியிருக்கும்; வாயோரம் புழுதி அடைந்திருக்கும். ஒருநாள் வெளியூரிலிருந்து பேரன் வருகிறான், முழுசாகத் திறக்கிறான். உள்பெட்டி உப்பின இடத்தில் சிக்கிக் கிழிகிறது. கிழிந்தது உள்பெட்டிதான் என்பதால் புது உள்பெட்டி வாங்கி அதே உறைக்குள் செருகுகிறோம். அதுவும் கிழிகிறது. உறையை ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பேரன்தான் புது பிளேட். பிளேட் புதிதானதும் ஸ்லேவ் பிஸ்டன் ஒரு விரல்கனம் வெளியே வந்து நிற்கும். அதன் ரப்பர் கப், இத்தனை வருசம் எட்டாத இடத்தில் இப்போது உரசும். அங்கே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கரிசல்தான் இருக்கிறது. ஆனால் கரிசல் களிமண் இரும்பைக் கீறாது. நகத்தால் கீறலாம், அவ்வளவு மெதுவானது. அதன் வேலையே வேறு. அந்தக் களியின் நுண்துகள்கள் அடுக்கடுக்கான ஏடுகள். மழை பெய்தால் ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து மண் உப்பும். சித்திரை வெயிலில் அது போய் மண் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு தடவை குடித்த தண்ணீரை லேசில் விடாது. அதனால்தான் ஐப்பசி, கார்த்திகை மழையை வைத்தே சோளமும் பருத்தியும் தை வரை தாக்குப்பிடிக்கின்றன. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இன்றுவரை நம்பி வேலை செய்வது இந்தக் குணத்தைத்தான்.

வேரோரம் இருந்தால் வரமாக இருக்கிற அதே குணம், சிலிண்டர் வாயோரம் இருந்தால் சனியன். டஸ்ட் கவரில் ஒரு சின்ன வெடிப்பு போதும். ஈரக் கரிசல் உள்ளே ஏறி வார்ப்பிரும்பில் அப்பிக்கொள்ளும். காட்டுப் பாதை காய்ந்த பிறகும் அந்த இடம் காயாது. துரு பிடிக்கும், குழி விழும். கூடவே வரும் மணலும் சுக்கான் கல் பொடியும் அந்தக் குழிகளில் உட்கார்ந்துகொள்ளும். கப்பைக் கிழிப்பவை அவைதான்.

இந்தப் பக்கம் பிளேட்டுக்கும் ஆயுசு குறைவு. மழைக்காலத்தில் சக்கரம் புதைந்தால் பாதி கிளட்சில் உறுமி உறுமித்தான் வண்டியை எடுக்கிறோம். அந்தச் சூடு லேசானதில்லை. அமெரிக்காவில் கையால் கியர் போடும் ஜீப் ராங்லர் வண்டிகள், கிளட்ச் சூடேறி பிரஷர் பிளேட் உடையக்கூடும் என்று 2020, 2021, 2023 என மூன்று ஆண்டுகளில் திரும்ப அழைக்கப்பட்டன. சூடு ஏறினால் எஞ்சின் இழுவையைக் குறைக்கும் மென்பொருளைக்கூட ஏற்றிப் பார்த்தார்கள். இங்கே நமக்கு எச்சரிக்கை கருகல் வாசனை மட்டும்தான். வாசனை வந்தால் பிளேட் மாறும். பிளேட் மாறினால் பிஸ்டன் இடம் மாறும்.

அந்த வாசகருக்கு யாரோ சிலிக்கான் ஆயிலைச் சிபாரிசு செய்திருக்கிறார்கள், "தண்ணியே இழுக்காது, ஆயுசுக்கும் மாத்த வேண்டாம்" என்று. விளம்பரத்தில் பாதிதான் சொல்கிறார்கள். நாம் பிரேக் ஆயில் என்று வாங்குகிற சாதாரண கிளைகால் திரவம் ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் இழுத்த ஈரத்தைத் தன்னுள் கரைத்து, பரவலாக வைத்துக்கொள்ளும். இரண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஈரமும் வெளியே போய்விடும். சிலிக்கானில் தண்ணீர் கரையாது. உள்ளே புகுந்த சொட்டு, இருப்பதிலேயே தாழ்வான இடத்துக்கு இறங்கித் தேங்கும். தாழ்வான இடம் எது? ஸ்லேவ் சிலிண்டர். கிளைகால் ஓடிய குழாயில் அதைக் கலந்து ஊற்றுவது இன்னும் கேடு.

பட்டறையில் கேட்க வேண்டியது இன்னொன்று: கப்பை எதில் கழுவினார்கள்? மண்ணெண்ணெயிலோ டீசலிலோ என்றால், பூட்டும் முன்பே அந்த ரப்பர் உப்பத் தொடங்கிவிட்டது. பிரேக் ஆயிலிலேயேதான் கழுவ வேண்டும்.

எல்லா வண்டிக்கும் இதே நோய் என்று சொல்ல மாட்டேன். ஒருவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே குனிந்து ஸ்லேவ் கம்பி எத்தனை மி.மீ. ஓடுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். முழு ஓட்டம் இருந்தும் கியர் விழவில்லை என்றால் கோளாறு ஃபோர்க்கிலோ பிளேட்டிலோ. ஆயில் பக்கம் போகவே வேண்டாம். இரண்டு மிதி மிதித்தால் மட்டும் ஓட்டம் கூடுகிறதென்றால் பெரும்பாலும் காற்று. மிதித்தபடியே பிடித்திருக்கும்போது கம்பி மெல்லத் திரும்பி வருகிறது, வெளியே எங்கும் ஒழுகலும் இல்லை என்றால் மாஸ்டரின் கப் உள்ளேயே விடுகிறது. இந்த அளவை எடுக்கப் பத்து நிமிசம் ஆகாது. அதை எடுக்காமல் கிட்டுக்கு மேல் கிட் விற்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வாசகர் போன வாரம் கோவில்பட்டிக்கு வந்தபோது சிலிண்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தோம். உள்பாதி கண்ணாடி. பிறகு மோதிரம் போட்ட மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு வெளியே ஒரு விரல்கனத்துக்குச் சிவப்பும் கறுப்புமாகக் குழிகள், மேலே உப்புத்தாள் தேய்த்த தடங்கள். தேய்த்ததில் மேட்டுத் துரு போயிருந்தது. குழி அப்படியே இருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தவர், "ரப்பர வஞ்சிட்டு இருந்தேனே" என்றார்.

துளையைக் கடைந்து துருப்பிடிக்காத எஃகுக் குழாய் செருகித் தரச் சொல்லி லேத்தில் கொடுத்தோம். டஸ்ட் கவர் புதிது, ஆயில் புதிது. பூட்டியதும் கம்பி ஓட்டத்தை அளந்து, டப்பா மூடிக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகு இன்னொரு தடவை அளப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.