கதவுக்கு முட்டுக்கொடுத்த குத்துவாள்

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில், ஈஸ்ட் ரட்ஹாம் ஊர் விவசாயி ஒருவரின் கலப்பையில் 2002-ல் கனமான உலோகத் துண்டு ஒன்று சிக்கியது. எடை கிட்டத்தட்ட 2 கிலோ, மடங்கிப்போயிருந்தது. ஏதோ பழைய சாமான் என்று அவர் அதை அலுவலக அறைக் கதவுக்கு முட்டாக வைத்துவிட்டார். பத்தாண்டு அது அந்த வேலையைத்தான் பார்த்தது! 2013-ல் தொல்லியலாளர் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அது சுமார் 3,500 ஆண்டுப் பழமையான வெண்கலக் குத்துவாள் என்று.

எதற்காகச் செய்த வாள் அது? கூர் தீட்டிய தடமே அதில் இல்லை. கைப்பிடியைப் பொருத்த ஆணித் துளையும் இல்லை. அப்படியென்றால் அது சண்டைக்குச் செய்ததல்ல, சடங்குக்குச் செய்தது. மடங்கியிருந்ததும் விபத்தல்ல, அந்தக் காலத்தவர் வேண்டுமென்றே மடக்கியது என்கிறார்கள். இதே அச்சில் வார்த்ததுபோன்ற வாள்கள் ஐரோப்பாவில் மொத்தமே ஆறுதான் கிடைத்திருக்கின்றன. 2014-ல் நார்விச் கோட்டை அருங்காட்சியகம் சுமார் 41,000 பவுண்டு கொடுத்து இதை வாங்கியது.

தேடிப்போய் எடுப்பவர்களும் உண்டு. மெட்டல் டிடெக்டரோடு வயல்வயலாக நடப்பது இங்கிலாந்தில் பலருக்கும் வாரக்கடைசிப் பொழுதுபோக்கு. அப்படி நடந்த ஒருவருக்கு 2009 ஜூலையில் ஸ்டாஃபர்ட்ஷயர் வயலில் யோகம் அடித்தது. சுமார் 4 கிலோ தங்கம், 1.7 கிலோ வெள்ளி. எல்லாம் நொறுங்கிய துண்டுகள். ஒட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை வாள் கைப்பிடிகளின் அலங்காரத் தகடுகள், நுனிக் குமிழ்கள். ஆனால் ஒரு வாளின் அலகுகூட இல்லை. யாரோ வாள்களிலிருந்து தங்கத்தை மட்டும் பெயர்த்தெடுத்து மண்ணில் புதைத்திருக்கிறார்கள்.

காலத்தைக் காட்டிக் கொடுத்தது வேலைப்பாடு. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் விலங்கு உருவங்கள் 7-ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்ஸன் பாணி. தங்கக் கம்பிகளால் நுண்ணிய அறைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் மெல்லிய சிவப்புக் கார்னெட் கல்லைப் பதித்திருக்கிறார்கள். கல்லுக்கு அடியில் இன்னொரு சூட்சுமம்: கட்டம் போட்ட தங்க ரேக்கு. உள்ளே போகும் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்புவதால்தான் கல் கங்குபோல ஒளிர்கிறது. அக்கால ஐரோப்பிய நகைகளில் பதித்த கார்னெட்டுகளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்பது நமக்கு ஆச்சரியமான செய்தி. புதையலுக்கு 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு விலை வைத்தார்கள். கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் அதைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட பொருள்களை அடையாளம் காட்டவே 1997 முதல் அங்கே அரசு ஆதரவில் ஒரு திட்டம் நடக்கிறது. வட்டாரம்தோறும் ஒரு அலுவலர் இருக்கிறார். கிடைத்ததைக் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார். அவர் முதலில் கேட்பது விலையை அல்ல, கிடைத்த இடத்தை. தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் தொல்லியலாளர்களுக்கு வயிறு எரியும். ஒட்டியிருக்கும் மண்ணிலும் துருவிலும்தான் துணி, தோல், மரம் ஆகியவற்றின் எச்சங்கள் தங்கியிருக்கும்.

கிராஸ்பி காரெட் ஊர்த் தலைக்கவசத்தின் கதை வேறு. 2010-ல் கம்ப்ரியாவில் ஒரு டிடெக்டர்காரர் கண்டெடுத்த ரோமானியக் குதிரைவீரனின் அணிவகுப்புக் கவசம் அது. சுருள்முடி இளைஞனின் முகம், தொப்பியின் உச்சியில் சிறகுள்ள கிரிஃபின் விலங்கு. நொறுங்கிக் கிடந்ததை ஏல நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஒட்டி முழுசாக்கினார்கள்; விரிவான ஆய்வுக்கு நேரம் தரவில்லை. அழகு கூடியது, தடயங்கள் போயின. தங்கமோ வெள்ளியோ அல்லாத ஒற்றைப் பொருள் என்பதால் அருங்காட்சியகங்களுக்கு வாங்கும் முன்னுரிமை தரும் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் கைகொடுக்கவில்லை. கார்லைல் நகர அருங்காட்சியகம் ஊரெல்லாம் நிதி திரட்டியும் ஏலத்தில் தோற்றது. பெயர் வெளியிடாத ஒருவர் சுமார் 23 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொண்டுபோனார்.

அந்தச் சட்டத்தை 2023-ல் விரிவுபடுத்தினார்கள். வரலாற்று முக்கியத்துவம் மிகுந்த, 200 ஆண்டுக்கு மேற்பட்ட உலோகப் பொருள் எதுவானாலும் இப்போது புதையல் கணக்கில் வரும். ஏலம் போன கவசத்துக்கு இது பொருந்தாது.