ஆயா சொன்ன 'பொறு'

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுத் தறியில் நான் கைவைத்துப் பாவு இழை அறுந்துவிட்டால் ஆயா திட்டமாட்டார். "பொறுத்துக்கோ ஆயா" என்பேன். "பொறுத்துக்கிட்டேன் கண்ணு, முடிச்சுப் போடு" என்பார். 'மன்னிப்பு' அவர் வாயில் வந்ததே இல்லை.

'மன்னி' தெலுங்கின் 'மன்னிஞ்சு'வோடு உறவுடைய சொல். அங்கே மதித்தல் என்ற பொருளும் உண்டு. அழகான சொல்தான். ஆனாலும் எனக்குப் பொறுத்தலே நெருக்கம். பொறை என்றால் சுமை, பொறுமையும் அதுவே. பொறுப்பும் அதே வேர். திருக்குறளின் 16ஆம் அதிகாரம் பொறையுடைமை. தன்னைத் தோண்டுகிறவரையும் தாங்கும் நிலத்தோடு தொடங்குகிறது. 'பொறுத்துக்கொள்' என்பவர், தன் தவற்றின் பாரத்தைச் சற்றுச் சுமக்கச் சொல்கிறார். ஆயா அறுந்த இழையையும் என்னையும் சேர்த்தே சுமந்தார்.