ஆளின் குற்றமா, அமைப்பின் குற்றமா?

ஒரு நிறுவனத்திலே குழப்பம் நேர்ந்தால், "யார் விட்ட பிழை?" என்பதே முதலில் எழும் வினா. விடையாக எவரேனும் ஒருவர் அகப்படுவார். அவர் போய் வேறொருவர் வருவார். குழப்பமோ போன பாடில்லை. இது ஏன்?

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஆராயப்பட்ட ஒரு சிக்கலை இங்கு நோக்குவோம். ஜெனரல் எலெக்ற்றிக் கம்பனியாருக்குக் கென்ரக்கி மாநிலத்தில் வீட்டு மின்சாதன ஆலைகள் இருந்தன. ஒரு காலத்தில் அவை மூன்று, நான்கு முறை ஆட்களை மாற்றி இரவு பகலாக இயங்கும். சில ஆண்டுகள் கழிந்ததும் தொழிலாளரிற் பாதிப்பேர் வேலையிழந்து வீடு செல்வர். "வியாபாரத்தின் ஏற்ற இறக்கம்" என்று காரணங் கூறிய முகாமையாளர்க்கே அதில் முழுத் திருப்தியில்லை.

மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகப் பேராசிரியர் ஜே பொறெஸ்ரர் (1918–2016) இதனை ஆராயப் புகுந்தார். கணிப்பொறி நினைவகத் துறையிற் பெயர் பெற்ற மின்பொறியியலாளர் அவர். எனினும் இங்கே அவர் கையாண்ட கருவிகள் பென்சிலும் கொப்பியுமே! இருப்பு, கட்டளைகள், தொழிலாளர் தொகை என நிரல் வகுத்து, ஆலையாரின் தீர்மானங்களை வாரவாரமாகக் கணக்கிட்டார். வரும் கட்டளைகள் மாறாதிருப்பினும் தொழிலாளர் தொகை ஏறியிறங்குதல் புலனாயிற்று.

காரணம் காலத்தாழ்வு. இருப்புக் குறைந்ததும் ஆள் சேர்ப்பர். அவர்தம் உழைப்பின் பயன் கைக்கு வருமுன்னரே மேலும் ஆள் சேர்ப்பர். பின்னர்ப் பண்டம் மலையெனக் குவியும், ஆட்குறைப்புத் தொடங்கும். தீயவர் எவருமிலர், அவரவர் தத்தம் அறிவுக்கெட்டியபடி நியாயமாகவே நடந்தனர். ஆயினும் எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்தது! இவ்வாராய்ச்சியில் முளைத்த துறையைப் பொறெஸ்ரர் 1961இல் நூலாக விளக்கினார்.

அக்கழகத்தார் இதனைக் கற்பிக்க ஒரு விளையாட்டும் வகுத்தனர். சில்லறை வியாபாரி, மொத்த வியாபாரி, விநியோகத்தர், ஆலையார் என நால்வர் ஆடுவர். வாரம் 4 பெட்டியாக இருந்த வாடிக்கையாளரின் கேள்வி, ஒருமுறை 8 ஆக உயர்ந்து அவ்வாறே நிற்கும். சரக்கு வரத் தாமதிப்பதால் ஒவ்வொருவரும் மிகுதியாகக் கேட்பர். அவ்வேண்டுகோள் ஆலையை அடையும்போது பன்மடங்காகப் பெருத்திருக்கும். ஆட்டம் முடிந்தபின், வாடிக்கையாளரே தாறுமாறாக வாங்கினர் என்று பலர் சாதிப்பர்!

மாணவர்காள்! உறுப்புகளைத் தனித்தனியே நோக்காது, அவற்றின் தொடர்புகளையும் தாமதங்களையும் சேர்த்து நோக்குதலே தொகுதி நோக்கு. சங்கமாயினும் பாடசாலையாயினும் ஒரே குறை மீண்டும் மீண்டும் தலைகாட்டினால், கடதாசி ஒன்றை எடுத்து, எது எதனைப் பாதிக்கின்றது, எவ்வளவு காலஞ் சென்று பாதிக்கின்றது என்று வரைந்து பாருங்கள். ஆளை மாற்றியும் தீராத பிழை அமைப்பிலே இருத்தல் கூடும். எனினும் உண்மையாகவே தவறு செய்தவர்க்கு இஃது ஒரு கேடயமாகிவிடலாகாது. ஒருவர்மேற் பழி சுமத்துமுன் அமைப்பையும் ஒருமுறை விசாரித்தல் வேண்டும் என்பதே நாம் கூறுவது.