இரண்டு ரமணிகளும் எங்கள் வீடும்

சென்ற மழைக்காலத்தில், பேரன் உறங்கிய பிறகு நானும் மகளும் ஒரு வேலை செய்தோம். ‘ரமணி வெர்சஸ் ரமணி’ தொடரை முதல் அங்கத்திலிருந்து கடைசி வரை கைத்தொலைபேசியிலேயே பார்த்து முடித்தோம்.

வாசகியர் பலருக்கு நினைவிருக்கும். 1998இல் ராஜ் தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் அது. கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரிக்க, நாகா இயக்கினார். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. தலைப்பு நீதிமன்ற வழக்கைப் போலிருந்தாலும் நடப்பதெல்லாம் வீட்டுச் சில்லறைச் சண்டைதான். அக்காலத்தில் கொழும்பில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது ஓரிரு அங்கங்கள் பார்த்தேன். எனக்குத் திருமணமான புதிது. மனைவி ரமணி வெல்லும்போதெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இம்முறை யார் வென்றார் என்பதில் மனம் போகவில்லை. அவள் வாய்க்கு வாய் பதில் சொல்கிறாள். இதற்கு என்ன கிடைக்குமோ என்ற பயம் அவள் முகத்தில் துளியும் இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உம்மா, அவங்க தனியா இருக்காங்க, சத்தம் போடலாம். நம்மட வீட்டுல சண்ட பிடிக்கவும் இடமில்லயே” என்றாள் மகள், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஏறாவூரில் வீடு பெண்ணுக்கு. மருமகன்தான் வந்து குடியேறுகிறவர். அடுத்த அறையில் மாமியின் காது. அவர் கோபத்தை விழுங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். இவள் குசினிக்குள் மூக்கை உறிஞ்சுவாள். பிறகு மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஐந்து நிமிடத்தில் சிரிப்பாய் முடிந்திருக்க வேண்டியவற்றை எனது ஒற்றைக் கனைப்பு எத்தனை முறை அடக்கியிருக்குமோ!

2001இல் வந்த இரண்டாம் பாகத்தில் பிருத்விராஜும் தேவதர்ஷினியும் நடித்தார்கள். மகளுக்குத் தேவதர்ஷினியைத்தான் பிடித்தது. எனக்கென்னவோ முதல் ஜோடியான ராம்ஜியும் வாசுகியும்தான் ரமணிகள். 2022இல் ‘ஆஹா’ இணையத் தளத்தில் மூன்றாம் பாகம் வந்தபோது அவர்களே திரும்ப வந்தார்கள், வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெற்றோராக. முந்தைய நாள் இளம் ஜோடியாய்ப் பார்த்த முகங்களை மறுநாளே இருபத்துநான்கு வருடம் கழித்துப் பார்ப்பது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. சண்டை மட்டும் அப்படியே!

தொடர் முடிந்து இரண்டு நாளிருக்கும். இரவு அடுத்த அறையில் மகளின் குரல் உயர்ந்தது. சார்ஜரை யார் எடுத்தது என்பதுதான் வழக்கு. கனைக்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு முன் விறாந்தைக்குப் போய்ப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகன் சிரிக்கும் சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.