"கணக்கை முடிச்சுட்டேன் டீச்சர்!" வேகமா படிக்கிற பிள்ளைக்கு வகுப்பில் என்ன வேலை?

தூத்துக்குடி,

10 கணக்கை கரும்பலகையில் எழுதிப் போட்டு விட்டு டீச்சர் திரும்புவதற்குள் ஒரு பையன் நோட்டை நீட்டுவான். "முடிச்சுட்டேன் டீச்சர்". அவனுக்கு கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "சும்மா உட்காரு. மத்தவங்க முடிக்கட்டும்".

அந்த சும்மா உட்காருகிற நேரத்தில்தான் வினையே ஆரம்பிக்கிறது. பக்கத்து பையனை கிள்ளுவான், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பான். வருஷம் முழுக்க இப்படியே போனால் "வாலு" என்ற பெயர்தான் மிஞ்சும். அதுவே அமைதியான பெண் பிள்ளை என்றால் வாயே திறக்காது. அதற்கு பாடம் போதவில்லை என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

உப்பளத்துக்கும், துறைமுகத்துக்கும், கடலுக்கும் வேலைக்கு போகிற வீடுகளில் "நல்லா படிக்கிற பிள்ளை, அதுவே படிச்சுக்கும்" என்ற நினைப்பு உண்டு. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். 40 பேர் இருக்கிற வகுப்பில் டீச்சரின் கவனம் பின்தங்கிய பிள்ளைகள் மீதுதான் போகும். அதை தப்பு சொல்ல முடியாது. ஆனால் படிப்பில் சலிப்பு தட்டிய பிள்ளைக்கு 14 வயதில் கையில் காசு வருகிற வேலை ஒன்று கண்ணில் பட்டால், திரும்ப பள்ளிக்கூடத்துக்கு இழுப்பது லேசான காரியம் இல்லை.

தோணி கணக்கு

சரி, சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்? இன்னும் 10 கணக்கு கொடுப்பதுதான் பலர் செய்வது. அதுவும் அதே மாதிரி கணக்கு! வேகமாக முடித்ததற்கு தண்டனை போல ஆகிவிடும். அடுத்த நாள் அந்த பிள்ளை வேண்டுமென்றே மெதுவாக போடும்.

கொடுக்க வேண்டியது கூடுதல் கணக்கு அல்ல. அதே கணக்கின் ஆழமான பக்கம்.

உதாரணத்துக்கு, பழைய துறைமுகத்தில் தோணிக்கு சரக்கு ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். 200 டன் சரக்கு, மூட்டைக்கு 50 கிலோ. மொத்தம் எத்தனை மூட்டை? 4 ஆயிரம். இது எல்லோருக்குமான கணக்கு.

முடித்த பிள்ளைக்கு அடுத்த கேள்வி: ஒரு ஆள் மணிக்கு 40 மூட்டை ஏற்றுவார். 8 மணி நேரத்தில் வேலை முடியணும். எத்தனை ஆள் வேண்டும்? வகுத்து பார்த்தால் 12½ என்று வரும். அரை ஆள் எங்கே கிடைப்பார்? 12 பேர் போதுமா, 13 பேர் வேண்டுமா என்று பிள்ளை யோசித்தாக வேண்டும். இடையில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு விட்டால்? அப்போது 15 பேர் இல்லாமல் முடியாது. அப்பா லோடுமேன் என்றால் அந்த பிள்ளை வீட்டுக்கு போய் அவரிடமே கேட்கும், "மணிக்கு 40 மூட்டை முடியுமாப்பா?" என்று.

இதற்கு தனி வகுப்பும் வேண்டாம், தனி புத்தகமும் வேண்டாம். கரும்பலகையின் ஓரத்தில் தினம் ஒரு கேள்வி எழுதிப் போட்டால் போதும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. முடித்த பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு சொல்லிக்கொடுக்க விடுவது. அவ்வப்போது செய்தால் இரண்டு பேருக்கும் நல்லது. தினமும் என்றால் அந்த பிள்ளை சம்பளம் இல்லாத டீச்சர்தான், அதன் படிப்பு இருந்த இடத்திலேயே நிற்கும்.

ராமானுஜனுக்கு கிடைத்த வாத்தியார்

கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, அங்கிருந்த கணித ஆசிரியர் கணபதி சுப்பையர் அவரை சும்மா உட்கார வைக்கவில்லை. சுமார் 1,200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள் கொண்ட அந்த பள்ளிக்கூடத்துக்கு ஒன்றோடு ஒன்று இடிக்காத கால அட்டவணை போட்டுத் தரும் வேலையை அந்த பையனிடமே ஒப்படைத்தார். விளையாட்டு கணக்கு அல்ல, பள்ளிக்கு நிஜமாகவே தேவைப்பட்ட வேலை.

அதே ராமானுஜன் கல்லூரிக்கு போனதும் கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களில் தோற்று, உதவித்தொகையை இழந்தார். 1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாக சேர்ந்தார். அங்கிருந்த மேலாளர் நாராயண அய்யரும் கணக்கு தெரிந்தவராக இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

மலருக்கு மேலே?

தமிழக அரசு பள்ளிகளிலும் இதற்கு முயற்சி நடந்திருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சி பள்ளிகளில் தொடங்கி 2007-ல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல் முறையில் பாடம் அட்டைகளாக பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு அட்டையை முடித்த குழந்தை மற்றவர்களுக்காக காத்திருக்காமல் அடுத்த அட்டைக்கு போகலாம். லீவு போட்ட பிள்ளையும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆளுக்கொரு அட்டையில் இருக்கும் கூட்டத்தை ஒரே டீச்சர் கவனிப்பது பெரும்பாடு.

கொரோனாவுக்கு பிறகு 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என 3 நிலைகளாக பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். பின்தங்கியவர்களை தூக்கிவிட ஏற்ற முறை இது. ஆனால் மலர் என்பது அந்தந்த வகுப்புக்கு உரிய நிலை. அதையும் தாண்டிய பிள்ளைக்கு டீச்சர்தான் பார்த்து ஏதாவது கொடுக்க வேண்டும்.

9-ம் வகுப்பில் இருந்து படிக்கும் பிள்ளைகளுக்காக தங்கிப் படிக்கும் அரசு மாதிரிப் பள்ளிகளும் 2021-க்கு பிறகு மாவட்டந்தோறும் வந்தன. அதில் இடம் கிடைப்பது சிலருக்குத்தான்.

8-ம் வகுப்பில் தவற விடாதீங்க

பெற்றோர் விசாரிக்க வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு படிக்கும்போது எழுதுகிற தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை தேர்வு அது. தேர்வானால் 9-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை வருஷத்துக்கு ரூ.12 ஆயிரம் வீதம், 4 வருஷத்தில் ரூ.48 ஆயிரம் கிடைக்கும். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. 7-ம் வகுப்பு மார்க்கும் பார்ப்பார்கள்.

இந்த தேர்வில் பாடக் கேள்வி பாதி. மீதி பாதி, எண் வரிசை, படப் புதிர் என யோசிக்க வைக்கிற கேள்விகள். மனப்பாடம் இங்கே உதவாது. தோணிக்கு 13 ஆளா, 15 ஆளா என்று தினமும் மல்லுக்கட்டிய பிள்ளைக்கு இது புதுசாக தெரியாது.

8-ம் வகுப்பை தாண்டி விட்டால் இந்த வாய்ப்பு திரும்ப வராது. விண்ணப்பம் பள்ளிக்கூடம் மூலமாகத்தான் போகும். அதனால் 7-ம் வகுப்பு முடியும்போதே தலைமை ஆசிரியரை பார்த்து கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.